பஸ்ரா பூனையின் ஏழு கோடுகள்

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்யும் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேளுங்கள்: ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறிய தோல்மேல் துருப்பிடித்த இரும்பு பட்டால் என்ன ஆகும்? கறுத்துப் போகும் என்று யோசிக்காமல் சொல்வார்கள். பட்ட இடத்தில் நீலமும் கறுப்பும் கலந்து ஒரு கோடு விழும். அதை இரும்புக் கறை என்போம். கறை விழுந்த தோல் சீமைக்குப் போகாது. அதற்குப் பயந்தே எங்கள் ஷாப்பில் பட்டைத் தொட்டிகளின் பக்கம் மர வாளி, மூங்கில் கழி, கயிறு என்று இரும்பே இல்லாத ஓர் உலகத்தை வைத்திருந்தோம். இடுப்பில் சாவிக்கொத்தோடு யாராவது அந்தப் பக்கம் போனால் மேஸ்திரி போடுகிற சத்தம் ரயில்வே ஸ்டேஷன் வரை கேட்கும்.

இவ்வளவு விவரமான மனிதர்கள், முதலாளியிலிருந்து ரைட்டர் வரை, ஒரு பூனை விஷயத்தில் மூன்று வாரம் முட்டாள்களாக இருந்தோம்.

ரைட்டர் என்பது நான். கதை எழுதுகிறவன் என்று அர்த்தமில்லை. லண்டன் கம்பெனிகளுக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதுகிறவன். ஆனால் கற்பனைக்கு அதிலும் குறைவு கிடையாது. சுமாரான சரக்கை உயர்ந்த சரக்கு என்றும், உயர்ந்த சரக்கை இதுவரை காணாத சரக்கு என்றும், மோசமான சரக்கைப் பருவமழையின் விளைவு என்றும் எழுதுவேன். அந்த மாதம் மட்டும் இரும்புக் கறைக்காக இரண்டு மன்னிப்புக் கடிதம் எழுதியிருந்தேன். அதையும் இங்கேயே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

ஒரு மத்தியானம் பட்டைத் தொட்டியில் ஒரு பூனைக்குட்டி விழுந்தது. தோலிலிருந்து சீவி எறிகிற சவ்வுக்காக ஊர்ப் பூனைகள் எல்லாம் எங்கள் ஷாப்பைச் சுற்றும். அதில் ஒன்று தாவுகிற தூரத்தைத் தப்பாகக் கணித்துவிட்டது. நான் உடனே குதித்துக் காப்பாற்றினேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் தொட்டி ஓரத்தில் நின்று "ஐயோ, ஐயோ" என்று கத்தினேன். தோல் புரட்டுகிற ஆள் ஒருவர் மூங்கில் கழியால் அதைத் தூக்கி, கிட்டத்தில் ஈரமில்லாமல் இருந்த ஒரே பொருளான என் மேல் போட்டார். குட்டி அத்தனை நகங்களையும் என் சட்டையில் ஊன்றிக்கொண்டது. பட்டைத் தண்ணீர் சட்டை வழியாக இறங்கி வேட்டி முழுவதும் ஓடியது.

"இன்னா சார், வுட மாட்டேங்குதா?" என்றார் அவர். "உங்களத்தான் அம்மான்னு நெனச்சிக்கிச்சு. பேசாம வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க."

ஆபீசுக்குப் பின்னாலிருந்த கிடங்கில் பெருச்சாளி பிடிக்கும் இரும்புக் கூண்டு ஒன்று கிடந்தது. ஷாப்பு தொடங்கிய காலத்தில் வாங்கியது. கம்பியில் இரும்பைவிடத் துரு அதிகம். ஈரக் குட்டியை அதற்குள் விட்டு, கூண்டை இடுப்போடு அணைத்துக்கொண்டு ஒரு மைல் நடந்தேன். குளிரில் நடுங்கிய குட்டி வழி முழுக்கக் கம்பியோடு கம்பியாக ஒட்டிக்கொண்டே வந்தது. படிக்கிற உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். தோலிலேயே காலம் தள்ளிய எங்களுக்குப் புரியவில்லை.

வீட்டில் நானும் என் மனைவியும்தான். பேச்சு குறைவான வீடு. மனஸ்தாபம் ஒன்றுமில்லை, மனஸ்தாபம் கொள்ளவும் ஏதாவது விஷயம் வேண்டுமே. நான் ஆபீசிலிருந்து வந்து ஒரு புத்தகத்தைத் திறந்தால் அதை மூடுவதற்குள் அவள் தூங்கியிருப்பாள். அன்று கூண்டைப் பார்த்ததும் வழக்கத்தைவிட நீளமாகவே பேசினாள்.

"உங்க மேல அடிக்கிற வாடை போதாதுன்னு, அதுக்கு ஒரு குட்டியும் புடிச்சாந்தீங்களா?"

"தொட்டியில விழுந்துடுச்சு. பாவம்."

"பாவம்தான். இந்தத் தெருவுல இன்னும் முப்பது பாவம் திரியுது. இதுக்கு சோறு வெச்சா அதுங்களும் வாசல்ல வந்து, எங்களுக்கு இன்னா கொறச்சல்னு கேக்கும். இதை மட்டும் வெச்சிக்கணும்னா ஒரு காரணம் சொல்லுங்க, வெச்சிக்கலாம். இல்லன்னா ஞாயித்துக்கெழம வரைக்கும்தான்."

தர்க்கத்தில் ஓட்டை கிடையாது. ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. மறுநாள் காலையில் குட்டியே அதைக் கொண்டுவந்து கொடுத்தது.

காய்ந்தபின் அது பிஸ்கட் நிறத்தில் இருந்தது. இரண்டு விலாவிலும், பக்கத்துக்கு ஏழாக, ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல நீலக் கறுப்புக் கோடுகள். தொட்டியில் விழுவதற்கு முன் அது என்ன நிறம் என்று ஒருவருக்கும் தெரியாது; தொட்டியிலிருந்து வெளியே வருகிற எல்லாம் ஒரே நிறம்தான். இப்படி ஒரு பூனையை நான் பார்த்ததே இல்லை. "இது தெருப் பூனை இல்ல. நல்ல ஜாதி" என்றேன்.

"இன்னா ஜாதி?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். மனிதனிடம் ஜாதி கேட்காதே என்று மேடையில் பேசியவர்களுக்கெல்லாம் முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டியவன் நான். அப்பேர்ப்பட்டவன் ஒரு பூனையின் ஜாதியைத் தேடி மூன்று நாள் அலைந்தேன்.

முதலில் மேஸ்திரி. 'மால்' என்று அவர் சொல்லும் தோல் சரக்கைத் தரம் பிரிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கண்ணை மூடிக்கொண்டு தடவியே ஆடு எந்த ஜில்லாவில் மேய்ந்தது என்று சொல்லிவிடுவார். குட்டியை மேசைமேல் படுக்கவைத்து, கழுத்துச் சதையை இழுத்துப் பார்த்தார். வயிற்றைத் தடவினார். ஒரு கோட்டின் நடுவே மயிரை விலக்கி, ஊதி, அடியிலிருந்த தோலைப் பார்த்தார்.

"நம்ம பக்கத்து மால் இல்ல சார். தோலு மெலிசு, ஆனா கட்டி. வடக்கத்திது."

"கோடு?"

"கோட்ட விடுங்க. அது மயிருதானே?"

அவர் மேல் தப்பில்லை. எங்கள் தொழிலில் மயிர் என்பது சுண்ணாம்புத் தொட்டியில் போட்டு முதல் வேலையாக உதிர்த்துத் தள்ள வேண்டிய குப்பை. ஒரு பிராணியின் வெளிப்புறத்தைப் பார்த்துப் பேச அவருக்குச் சந்தர்ப்பமே வாய்த்ததில்லை.

அடுத்து, ஆலங்காயத்திலிருந்து வண்டியில் ஆவாரம்பட்டை கொண்டுவந்து போடுகிறவர். அவர் கூண்டுக்குள் எட்டிப் பார்த்ததுமே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"இதுக்கு அப்பன் காட்டுப்பூன, சாமி. எங்க மலையில பாத்திருக்கேன். இதே கோடு. இருட்டுல கண்ணு பச்சையா எரியும்."

"எல்லாப் பூனைக்கும் எரியுமே?"

"இதுக்கு ஜாஸ்தியா எரியும்."

படித்தவன் என்ற முறையில் எனக்கு இவை போதவில்லை. சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டு, பஸ் ஏறி வேலூருக்குப் போய், ஒரு வாசகசாலையில் தலையணை கனத்தில் இருந்த இங்கிலீஷ் கலைக்களஞ்சியத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். அதில் பூனைக்கு நாலு பக்கம். அபிசீனியா தேசத்துப் பூனை ஒன்றின் படம் என் குட்டியை உரித்து வைத்ததுபோல இருந்தது. படம் கறுப்பு வெள்ளை, ஆகையால் நிறத்தைப் பற்றிப் பிரச்சினை எழவில்லை. அதற்குக் கோடு இல்லை என்று கீழே ஒரு வரி எழுதியிருந்தது. கலைக்களஞ்சியக்காரர்கள் எல்லாவற்றையுமா பார்த்திருப்பார்கள் என்று அந்த வரியை மன்னித்துவிட்டேன்.

கடைசி வார்த்தை முதலாளியுடையது. வெள்ளை ஷெர்வானியும் தொப்பியும் போட்டுக்கொண்டு, யாரிடமும் குரல் உயர்த்தாத மனிதர். சாயங்காலம் கூண்டை அவர் மேசைமேல் வைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"பஸ்ரா" என்றார்.

"ஈராக்குல இருக்கற பஸ்ராவா?"

"எங்க தாத்தா ஹஜ்ஜுக்குப் போய்ட்டு, பஸ்ரா வழியாத்தான் திரும்பி வந்தாரு. அங்க பூனைங்க ரொம்ப அழகுன்னு சொல்லுவாரு."

"கோடு இருக்கும்னு சொன்னாருங்களா?"

"கோடு பத்தி சொல்லல. அழகுன்னு சொன்னாரு. இது அழகுதானே, ரைட்டர்?"

சம்பளம் கொடுக்கிறவரிடம் அபிசீனியாவை எடுத்து நீட்டுவது உசிதமில்லை. பஸ்ரா என்றே முடிவாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை என் மனைவியிடம் பஸ்ராவை விவரித்தேன். லண்டன் கடிதங்களில் பழகிய கை. பேரீச்சந்தோப்பு, நதி, கப்பல், அதில் ஏறி வந்த ஒரு மூதாதைப் பூனை என்று விரிந்துகொண்டே போனது. அவள் கேட்டு முடித்துவிட்டு, "அவ்ளோ தூரத்துலேர்ந்தா வந்துச்சு? அப்ப பசிக்கும்" என்று பால் ஊற்றினாள். நான் சொன்னதை அவள் நம்பினாளா, இல்லை நம்புவதற்கு ஒரு சாக்குக்காகத்தான் காத்திருந்தாளா என்று இன்றுவரை கேட்டதில்லை.

பெயர் வைக்கவில்லை. "இந்தா" என்று கூப்பிடுவாள், அது வரும். பிறகு அதுவே பெயராகிவிட்டது. நான் ஆபீசிலிருந்து திரும்பும்போது வீட்டுக்குள் பேச்சுக்குரல் கேட்கும். யாரோ விருந்தாளி என்று நினைத்து வாசலிலேயே சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு உள்ளே போவேன். "இந்தா, அந்த அரிசியில வாய் வெச்ச, அடி வாங்குவ" என்று அவள்தான் பேசிக்கொண்டிருப்பாள். பிறகு என்னிடமும் பேச ஆரம்பித்தாள்: அது இன்று எங்கே ஏறியது, எதைத் தள்ளியது, எந்தக் காகத்தோடு சண்டை போட்டது. நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்டேன். மூன்று வாரத்தில் எங்கள் வீட்டில் நடந்த பேச்சு அதற்கு முந்தைய மூன்று வருஷத்தின் பேச்சைவிட அதிகம்.

மூன்றாவது வாரம் மதராஸிலிருந்து ஏஜெண்டு வந்தார். எங்கள் சரக்கை லண்டன்காரர்களிடம் விற்றுக் கொடுப்பவர் அவர்தான். அவர் முகம் சுளித்தால் எங்கள் ஷாப்புக்கு ஜலதோஷம் பிடிக்கும். அந்தத் தடவை முகம் சுளித்துக்கொண்டேதான் ரயிலிலிருந்து இறங்கினார். போன கப்பலில் போன தோல்களில் இரும்புக் கறை இருந்ததாம். என் மன்னிப்புக் கடிதங்கள் போதவில்லையாம்.

அவரைச் சிரிக்கவைக்கலாம் என்று நினைத்து முதலாளி எனக்குச் சொல்லியனுப்பினார்: "ரைட்டர், அந்த பஸ்ரா பூனைய கொண்டாங்க."

கொண்டுபோனேன். ஏஜெண்டு உருகிவிட்டார். "இன்னா அழகு! இன்னா கோடு! என் பொண்ணு பாத்தா வுடவே மாட்டா" என்றார்.

இங்கே முதலாளி வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். விருந்தாளி எதைப் புகழ்ந்தாலும், "உங்களுதுதான், எடுத்துக்குங்க" என்று சொல்லிவிடுவார். அது அவர் குடும்பத்து மரியாதை. குடையை, கைக்கடிகாரத்தை, ஒரு தடவை நாற்காலியைக்கூட அப்படிச் சொல்லியிருக்கிறார். "சொன்னதே போதும்" என்று விருந்தாளி மறுப்பது அவர்கள் பக்கத்து மரியாதை. இரண்டு மரியாதையும் சேர்ந்து பொருளை இருந்த இடத்திலேயே வைத்துவிடும்.

"உங்களுதுதான், எடுத்துக்குங்க" என்றார் முதலாளி.

"சந்தோஷம்" என்றார் ஏஜெண்டு. "நாளைக்கு மத்தியானம் ரயிலுக்குப் போறேன். அப்ப வந்து எடுத்துக்கறேன்."

சொல்லிய பிறகுதான் முதலாளி என் முகத்தைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். விஷயம் அவருடைய வார்த்தை ஆகிவிட்டது. இனி நான் மறுத்தால் அவர் வாக்குத் தவறியவர்.

வீட்டில் சொன்னேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை. "பஸ்ரா, பஸ்ரான்னு ஊரெல்லாம் சொன்னீங்க இல்ல" என்று மட்டும் சொன்னாள். வெறும் தெருப் பூனையாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை போயிருக்கும். உயர்ந்த ஜாதி என்று ஆக்கியதால் இருந்தது. அதனாலேயே இப்போது போகிறது. என் திறமையை எண்ணி நானே வியந்தேன்.

மறுநாள் காலை கிணற்றடியில் அவள் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தாள். குட்டி படுத்துக்கொள்ள மடித்துப் போட்டிருந்த என் பழைய வேட்டி. குட்டியோடு மதராசுக்குப் போக வேண்டுமாம். "போற எடத்துல, அழுக்குத் துணியோட அனுப்புனாங்கன்னு சொல்லக் கூடாது" என்றாள், என்னைப் பார்க்காமல்.

அது நான் கூண்டைச் சுமந்துவந்த அன்று கட்டியிருந்த வேட்டி. அதில் வரிசையாகக் கறுப்புக் கோடுகள் இருந்தன. அவள் எலுமிச்சம்பழத்தை நறுக்கி, உப்பைத் தொட்டு ஒரு கோட்டின் மேல் தேய்த்தாள். கோடு மங்கி, மறைந்தது.

"இன்னா பண்ற?"

"துருக் கறைக்கு எலுமிச்சம்பழம் போடுவாங்க. இதுகூடவா தெரியாது? கூண்டுக் கம்பி பட்ட கறைதானே இது?"

நான் வேட்டியைப் பார்த்தேன். துவைகல்மேல் உட்கார்ந்திருந்த குட்டியைப் பார்த்தேன். மறுபடி வேட்டியைப் பார்த்தேன். அதே இடைவெளி, அதே நீலக் கறுப்பு. அவள் கண்ணும் என் பார்வையோடு போய்த் திரும்பி வந்தது.

"ஏங்க," என்றாள் மெதுவாக, "உங்க ஷாப்புல இன்னா வேலதான் செய்றீங்க எல்லாரும்?"

பன்னிரண்டு மணிக்கு நான் ஒரு கையில் கூண்டோடும் இன்னொரு கையில் அரை எலுமிச்சம்பழத்தோடும் முதலாளி அறையில் நின்றேன். மூங்கில் கூண்டு, புத்தி தாமதமாக வந்தாலும் வந்ததே. முதலாளி, ஏஜெண்டு, மேஸ்திரி மூவரும் இருந்தார்கள். இங்கிலீஷில் எவ்வளவோ மன்னிப்பு எழுதியிருக்கிறேன்; தமிழில் வாயால் சொல்ல வார்த்தை வரவில்லை.

"சரக்கு கைமாறுறதுக்கு முன்னாடி, அதுல இருக்கற கொறைய காட்டிடணும்னு நீங்கதான் சொல்லுவீங்க" என்று முதலாளியிடம் ஆரம்பித்து, மேஸ்திரியிடம் பழத்தை நீட்டினேன். "ஒரு கோட்டுல தேய்ங்க."

"பூனைக்கா?"

"தேய்ங்க."

மேஸ்திரி தேய்த்தார். குட்டி அவர் கையைப் பிறாண்டியது. நாலாவது தேய்ப்பில் கோடு போய்விட்டது. மேஸ்திரி பழத்தை மோந்து பார்த்தார், விரலைப் பார்த்தார், அப்புறம் குட்டியைப் பார்த்தார். அவர் முகத்தில் பல வருஷத்து அனுபவம் ஒவ்வொரு படியாக இறங்குவது தெரிந்தது.

"அடப்பாவி," என்றார், "இரும்புக் கறை."

ஏஜெண்டு வாய்விட்டுச் சிரித்தார். "ஊரே சேர்ந்து இதையா பஸ்ரான்னீங்க?"

நான் பெருமூச்சு விட்டேன். மானம் போனது, குட்டி மிஞ்சியது என்று நினைத்தேன். ஆனால் அவர் கூண்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"பரவால்ல. கோடு போனா போவுது. என் பொண்ணுக்குப் பூனைதானே வேணும்? பஸ்ரா இன்னா, ஆம்பூர் இன்னா?"

நியாயமான பேச்சு. நான் மூன்று வாரத்துக்கு முன்பே பேசியிருக்க வேண்டிய பேச்சு. அறையில் அத்தனை பேர் இருக்க, என் கண் கலங்கிவிட்டது. எலுமிச்சம்பழம் பட்டுவிட்டதாகக் காட்டிக்கொண்டு தோள் துண்டால் துடைத்தேன்.

முதலாளி அதைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். எழுந்துவந்து, குரலை உயர்த்தாமல், ஏஜெண்டு கைமேல் தன் கையை வைத்தார்.

"நேத்து பூரா இன்னா சொன்னீங்க? இரும்புக் கறை பட்ட மால் ஒண்ணுகூட இந்த கேட்டத் தாண்டி வெளிய வரக் கூடாதுன்னு சொன்னீங்களா இல்லியா?"

"அது தோலுக்கு சொன்னேன்."

"தோலு மேலதான் மயிரு இருக்குது. உங்ககிட்ட சரின்னு ஒத்துக்கிட்டேன். ஒரே நாள்ல வார்த்த மாறினா நாளைக்கு லண்டன்காரன் என்னை நம்புவானா? இது ரிஜெக்ட். மேஸ்திரி, சொல்லுங்க."

"ரிஜெக்ட்" என்றார் மேஸ்திரி. அவர் ஒரு சரக்கை அவ்வளவு கண்டிப்பாகத் தள்ளி நான் பார்த்ததில்லை.

"ரிஜெக்ட் மால ரைட்டர் எடுத்துட்டுப் போவட்டும். உங்க பொண்ணுக்கு ஆற்காட்டுலேர்ந்து மக்கன் பேடா ஸ்வீட் வந்திருக்குது. ரெண்டு பெட்டி வெச்சிருக்கேன். அதுல கறை கிடையாது."

ஏஜெண்டு என்னைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார், கைப்பிடியை விட்டார். "பூனைய கேட்டா பேடாவக் குடுத்து அனுப்புறீங்க. வியாபாரின்னா நீங்கதான் பாய்" என்று சிரித்துக்கொண்டே ரயிலுக்குக் கிளம்பினார்.

அன்று நான் அரை நாள் லீவு கேட்கவில்லை. முதலாளியே போகச் சொன்னார். வாசலில் நின்றிருந்த என் மனைவி கூண்டைத்தான் முதலில் பார்த்தாள். கூண்டுக் கதவைத் திறந்து குட்டியைத் தூக்கினாள். அதற்குள் எலுமிச்சம்பழச் சாறு காய்ந்து, ஒரு விலாவின் மயிர் முள்ளாக நிமிர்ந்து நின்றது. அவள் கழுவுவதற்கு ஈரத்துணியைக் கொண்டுவந்ததும் அது துள்ளி ஓடிக் கட்டிலுக்கு அடியில், சுவரோரம், கை எட்டாத இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

அவள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகத் தரையில் குப்புறப் படுத்து, கட்டிலுக்கு அடியில் தலையை நீட்டினோம். குட்டி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. பதின்மூன்று கோடு பாக்கி.

"பழம் இன்னும் பாதி இருக்கு," என்றேன். "மிச்சத்தையும் எடுத்துடலாமா? யாராவது மறுபடி வந்து கேட்டுட்டா?"

"வந்து கேக்கட்டும்," என்றாள் அந்தப் பக்கத்திலிருந்து. "ஒருத்தனுக்கும் குடுக்க மாட்டேன்னு சொல்லுங்க. அதுக்குக்கூடக் காரணம் வேணுமா உங்களுக்கு?"